பாட்டு வழியே எண்ணூருக்கு

மார்கழி மாதத்தில் சங்கீதம் கேட்பதற்காகச் சென்னைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தெற்கே போகிறார்கள். மயிலாப்பூரில் ஒரு தோடி, மாம்பலத்தில் ஒரு காம்போதி, நடுவிலே காண்டீனில் ஒரு ரவா தோசை என்று அவர்களுடைய பொழுது போய்விடுகிறது. வடக்கே போகிறவர்கள் குறைவு. போனாலும், மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போவார்கள். அல்லது வடிவுடையம்மனைத் தரிசிக்கத் திருவொற்றியூருக்குப் போவார்கள். "பாட்டுக் கேட்க ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் போகலாம், வாருங்கள்" என்று யாராவது கூப்பிட்டால், "அங்கே புகைபோக்கி அல்லவா இருக்கிறது? பாட்டு எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள்.

பாட்டு இருக்கிறது, வாசகர்களே! அதுவும் உலகத்தில் வேறெங்கும் வெளியாகாத விதத்தில் வெளியான பாட்டு.

பாட்டை வெளியிடுவதிலே விசித்திரம் செய்கிறவர்கள் என்றால் இங்கிலாந்துக்காரர்களைத்தான் சொல்ல வேண்டும் என்பது பொதுவான அபிப்பிராயம். பில் டிரம்மண்ட், ஜிம்மி காட்டி என்று இரண்டு பேர் சேர்ந்து அங்கே 'கே.எல்.எஃப்.' என்ற பெயரில் ஒரு கோஷ்டி நடத்தினார்கள். அவர்களுடைய இசைத்தட்டுக்கள் லட்சக்கணக்கில் விற்றன. விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1992-ஆம் வருஷம், "இனி எங்கள் தட்டுக்கள் விற்பனைக்கு இல்லை" என்று சொல்லிக் கடையைக் கட்டிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? 1994 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜூரா தீவுக்குப் போய், சம்பாதித்த பணத்தில் பத்து லட்சம் பவுனை நோட்டுக் கட்டுக்களாகவே நெருப்பில் போட்டு எரித்தார்கள். எதற்காக எரித்தார்கள் என்பதற்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடையாது. 2021-இல்தான் அவர்களுடைய பாட்டுக்கள் சில மறுபடியும் வெளிவந்தன.

அந்த விசித்திரம், பணம் மிஞ்சிப்போனதால் பிறந்தது. நம் வடசென்னையின் விசித்திரம் அப்படிப்பட்டதல்ல. இங்கே பாட்டு பிறந்ததற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களைப் பார்த்துக்கொண்டே வடக்கு நோக்கி ஒரு பிரயாணம் போய் வருவோம்.

ராயப்பர் ஊர்

பிரயாணத்தை ராயபுரத்தில் ஆரம்பிப்பதுதான் முறை. தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி இங்கிருந்துதான் கிளம்பிற்று. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி, இந்த ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடு வரையில் ரயில் ஓடத் தொடங்கியது. பெரிய பெரிய தூண்களோடு அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்நாளில் கவர்னர் வந்து பார்த்த ஸ்டேஷன். இந்நாளில் அவசரமாகப் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இயேசுநாதரின் சீடரான பேதுருவுக்குத் தமிழில் இராயப்பர் என்று பெயர். அவர் பெயரால் ஏற்பட்டதே ராயபுரம் என்பார்கள். பழைய நாளில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகுக்காரர்கள் அலையைத் தாண்டிப்போய், துரைமாரையும் மூட்டை முடிச்சுக்களையும் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அந்தப் படகுக்காரர்கள் குடியேறிய பேட்டை இது. பிறகு துறைமுகம் வந்தது, ரயில் வந்தது, ஆலைகள் வந்தன. மூட்டை தூக்கவும், கரி அள்ளவும், தண்டவாளம் போடவும் பல ஜில்லாக்களிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். ஒருவர் ஊர்ப் பாட்டு இன்னொருவர் காதில் விழுந்தது. தெம்மாங்கும், சித்தர் பாட்டும், கூத்துப் பாட்டும், பக்கத்திலிருந்த முஸ்லிம்களின் பாட்டும் ஒன்றோடொன்று உறவாடின.

இந்தப் பக்கத்துக்குப் பாட்டு வியாபாரமும் புதிதல்ல. கிராமபோன் பிளேட்டு வருவதற்கு முன்பே, ராயபுரத்துக்குத் தெற்கே குஜிலிக் கடைத்தெருவில், மட்டமான காகிதத்தில் அச்சடித்த சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள் காசுக்கும் அரையணாவுக்கும் விற்றன. ஊரிலே ஒரு கொலை நடந்தால் அதற்கு ஒரு சிந்து; வெள்ளம் வந்தால் ஒரு கும்மி; ரயில் கவிழ்ந்தால் ஒரு நொண்டிச் சிந்து! நடந்த சங்கதியைச் சுடச்சுடப் பாட்டாக்கித் தெருவில் பாடி விற்பார்கள். பண்டிதர்கள் அவற்றை 'குஜிலிப் பதிப்பு' என்று இளக்காரமாகச் சொன்னார்கள். இன்றைக்கு அதே புத்தகங்களை ஆராய்ச்சியாளர்கள் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள்.

ஒரே ஒருவருக்காக ஒரு பாட்டு

கானா என்றதும் உங்களுக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். தேவா இசையமைத்த படங்கள் ஞாபகம் வரும். 2006-இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் மீன்களுக்குக் கல்யாணம் செய்துவைத்ததும், 2012-இல் 'அட்டகத்தி' படத்தில் கானா பாலா பாடியதும் ஞாபகம் வரும். ஆனால் கானாவின் சொந்த வீடு சினிமாக் கொட்டகை அல்ல. அது சாவு வீடு.

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கங்களில் ஒருவர் இறந்துபோனால் இரவிலே வாசலில் பந்தல் போடுகிறார்கள். பாட்டுக்காரர்கள் வருகிறார்கள். டோலக் உண்டு; ஹார்மோனியம் சில சமயம் உண்டு; ஒன்றும் கிடைக்காவிட்டால் மேஜைப் பலகையும் தீப்பெட்டியுமே போதும். இறந்தவர் யார், என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள், யாருக்கு என்ன உதவி செய்தார் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கேயே பாட்டுக் கட்டுகிறார்கள். விடிய விடியப் பாடுகிறார்கள். நடுநடுவே காயமே பொய்யடா என்ற தத்துவமும் வரும். அடுத்த நிமிஷமே பந்தலில் எல்லோரும் சிரிக்கும்படியான வேடிக்கையும் வரும். இதற்கு 'மரண கானா' என்று பெயர். மரண கானா விஜி என்று அந்தத் தொழிலையே பட்டமாகச் சூட்டிக்கொண்ட பாடகர் உண்டு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு மனிதருக்காகக் கட்டிய பாட்டு. ஒரே ஓர் இரவு அதன் ஆயுள். கேட்கிறவர்கள் அந்தத் தெரு ஜனங்கள். யாருக்காகப் பாடப்படுகிறதோ, அவர் மட்டும் அதைக் கேட்பதில்லை! இதைவிட விசித்திரமான வெளியீடு எந்தத் தேசத்தில் உண்டு? பெரிய மனிதர் இறந்தால் பத்திரிகையில் நாலு பத்தி எழுதுகிறார்கள். மூட்டை தூக்கியவருக்கும் மீன் விற்றவருக்கும் யார் எழுதுவார்கள்? அந்தக் குறையைத் தீர்ப்பதற்குத்தான் இந்தப் பாட்டு.

பிற்காலத்தில் கானாப் பாட்டுக்கள் கேசட்டில் ஏறின. சபா மேடையும் ரேடியோவும் சீந்தாத குரல்கள், நடைபாதைக் கடையிலும் டீக்கடையிலும் முழங்கின. கேசட் போய் இப்போது கைப்பேசி வந்திருக்கிறது. பாட்டுக்காரர் காலையில் பாடினால் சாயங்காலம் ஊரெல்லாம் கேட்கிறது.

கோட்டுப் போட்ட கானா

2018-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி, கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்த கச்சேரியை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. மேடையில் பத்தொன்பது பேர். எல்லோரும் ஒரே மாதிரி கோட்டும் சூட்டும் அணிந்திருந்தார்கள். ஒரு பக்கம் மேல்நாட்டு கிட்டார், டிரம்ஸ்; இன்னொரு பக்கம் பறை, டோலக், சட்டி. கானாவும், 'ராப்' என்னும் அமெரிக்கப் பேச்சுப் பாட்டும், 'ராக்' சங்கீதமும் ஒரே மேடையில் கை கோத்தன.

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது கோஷ்டியின் பெயர். பெயர் ஆங்கிலமாயிருந்தாலும் சரக்கு நம்முடையதுதான். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சாதியற்ற தமிழர்' என்று எழுதிவைத்த கருத்திலிருந்து எடுத்தது அது. சினிமா டைரக்டர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து பாட்டுக்காரர்களைத் தேடிப் பொறுக்கிக் கோஷ்டியை உருவாக்கினார்கள். அறிவு என்ற கவிஞர்-பாடகர் பின்னாளில் பெரும் புகழ் பெற்றது இந்த மேடையில் தொடங்கித்தான்.

கோட்டு எதற்கு என்று கேட்கலாம். கானா பாடுகிறவன் என்றால் லுங்கியும் கழுத்தில் கர்ச்சீப்பும்தான் என்று சினிமா நமக்குப் பழக்கியிருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் கோட்டு அணிந்ததில் எத்தனை அர்த்தம் இருந்ததோ, அத்தனை அர்த்தம் இதிலும் உண்டு.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார். இசைவாணி என்று பெயர். வடசென்னையில் வளர்ந்தவர். கானா என்பது ஆண்பிள்ளைகள் பாட்டு என்றுதான் அதுவரை பேச்சு. பந்தலில் பெண்கள் அழலாம், பாடக்கூடாது! இசைவாணி பாடினார். 2020-இல் பி.பி.சி. நிறுவனம் உலகத்தின் நூறு பெண்மணிகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டபோது அதில் அவர் பெயரும் இருந்தது. சாவு வீட்டுப் பந்தலுக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தை ஒரு குரல் கடந்துவிட்டது.

ஒற்றியூரின் பஞ்சரத்தினம்

நாம் மேலே போவோம். இப்போது வடசென்னைக்கு மெட்ரோ ரயில் வந்துவிட்டது. 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரையில் குளுகுளுவென்று உட்கார்ந்து போகலாம். வழியில் 'காலாடிப்பேட்டை' என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் காலாடிகள் அல்ல. காலட் என்ற கவர்னர் முந்நூறு வருஷத்துக்கு முன் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய பேட்டை அது. துரையின் பெயர் நம் ஜனங்கள் வாயில் புகுந்து அப்படி வெளியே வந்திருக்கிறது. விம்கோ என்பதோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். கானாவுக்குத் தாளம் போடும் தீப்பெட்டிக்கு ஒரு ஸ்டேஷனே இருப்பது பொருத்தந்தான்.

திருவொற்றியூர் மூவர் பாடிய ஸ்தலம். சுந்தரர் சங்கிலியாரை மணந்துகொண்டு, மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, பிறகு சத்தியத்தை மீறிக் கண்ணை இழந்த கதை இங்கேதான் நடந்தது. கடற்கரை ஓரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. உலக வாழ்வின் நிலையாமையைப் பாடிய அவருக்கும், மரண கானாப் பாடகர்களுக்கும் எத்தனை நூற்றாண்டு இடைவெளி இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கும் இது யாத்திரை ஸ்தலம். ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் சிஷ்யரான வீணை குப்பையர் இந்த ஊரில் வாழ்ந்தவர். சிஷ்யரின் அழைப்புக்கு இணங்கி குருநாதர் திருவையாற்றிலிருந்து இங்கே வந்தார். திரிபுரசுந்தரி அம்மன் மீது ஐந்து கிருதிகள் பாடினார். 'திருவொற்றியூர் பஞ்சரத்தினம்' என்று அவை பெயர் பெற்றிருக்கின்றன. ஆகவே, வடசென்னைக்கும் கர்நாடக சங்கீதத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதே ஊரில் 1950-களில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. சீமையில் பிறந்த வண்டி. சீமையிலே 1970-ஐ ஒட்டி அந்தத் தொழில் நின்றுபோயிற்று; திருவொற்றியூரில் நிற்கவில்லை. 'டப் டப்' என்று அது போட்ட தாளம் தேசமெங்கும் கேட்டது.

இன்னொரு கதையையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கலிய நாயனார் திருவொற்றியூர்க்காரர். எண்ணெய் வாணிபம் செய்தவர். கோயில் விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது அவருடைய திருத்தொண்டு. செல்வம் போய், எண்ணெய்க்கு வழியில்லாதபோது, தம் ரத்தத்தையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. எண்ணெய் இல்லாமற்போனதால் வந்த கஷ்டம் அது. எண்ணெய் மிஞ்சிப்போனதால் வந்த கஷ்டத்தைக் காண இன்னும் வடக்கே போக வேண்டும்.

சாம்பலில் ஓர் ஆனந்தபைரவி

எண்ணூர் என்பது கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் முகத்துவாரம். ஆறும் கடலும் கலக்கும் கழிநீரில் இறாலும் நண்டும் மடவையும் நிறையக் கிடைத்தன. ஓரங்களில் அலையாத்தி மரங்கள், அப்பால் உப்பளங்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஓய்வு நாட்களில் வந்து படகு விட்டு உல்லாசமாயிருந்த இடம் இது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்கள் வந்தன. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம். அடுத்து வடசென்னை அனல் மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர். அப்புறம் வல்லூர் அனல் மின் நிலையம். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு. நம் வீட்டு மின்விசிறி சுற்றுவதற்காக இங்கே நிலக்கரி எரிகிறது. எரிந்த சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குழாய் வழியே குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால்? சாம்பல் ஆற்றிலே படிகிறது. ஆழமாயிருந்த கழியில் வலை வீசியவர்கள் முழங்கால் சேற்றில் நிற்கிறார்கள்.

2017 ஜனவரியில் இந்தச் சாம்பல் வெளிக்கு ஒரு சங்கீத வித்வான் வந்தார். டி.எம். கிருஷ்ணா. முந்தைய வருஷந்தான் மகசேசே விருது பெற்றவர்; அதற்கும் முன்பே, 2015-இல், டிசம்பர் சீஸனில் இனிப் பாடுவதில்லை என்று சொல்லிச் சபாக்களைத் திகைக்க வைத்தவர். சாம்பல் குட்டைக்கும் புகைபோக்கிக்கும் நடுவே நின்று அவர் பாடிய பாட்டுக்கு, 'சென்னை புறம்போக்குப் பாடல்' என்று பெயர். ரதீந்திரன் பிரசாத் படம் பிடித்தார். கபேர் வாசுகி பாட்டு எழுதினார். (இந்தக் கபேர் வாசுகியும் முன்னே சொன்ன டென்மாவும் ஒரு காலத்தில் 'குரங்கன்' என்ற பெயரில் கோஷ்டி நடத்தியவர்கள். பெயரைப் பார்த்தீர்களா? இங்கிலாந்துக்காரர்கள் தோற்றார்கள்!) மெட்டு ஆர்.கே. ஸ்ரீராம்குமார். ஆனந்தபைரவியில் தொடங்கி பேகடா, தேவகாந்தாரி என்று ராகமாலிகையாகப் போகிறது.

ராகங்கள் சபையில் கேட்ட ராகங்கள்தான். வார்த்தைகள்? சென்னைத் தெருவில் நீங்களும் நானும் பேசுகிற பேச்சு. பக்தி இல்லை, சிருங்காரம் இல்லை. அனல் மின் நிலையமும், சாம்பலும், ஆக்கிரமிப்பும், வெள்ளமும் இருக்கின்றன. டிக்கெட் கிடையாது, இசைத்தட்டு கிடையாது. யூடியூபில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கலாம். மார்கழிக் கச்சேரியில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமாவும் கேட்டார். எண்ணூர்க் குப்பத்துப் பையனும் கேட்டான். இரண்டு பேரும் ஒரே ஆனந்தபைரவியைக் கேட்டது ஒருவேளை அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

'புறம்போக்கு' என்ற வார்த்தையைப் பற்றி ஒரு விஷயம். இன்று அது வசைமொழி. உருப்படாத மனிதனைப் "புறம்போக்கு!" என்று திட்டுகிறோம். ஆனால் கிராமக் கணக்குப் பிள்ளையைக் கேட்டால் வேறு அர்த்தம் சொல்லுவார். வரி விதிக்காமல், யாருக்கும் பட்டா கொடுக்காமல், ஊருக்குப் பொதுவாக விட்டுவைத்த நிலம் அது. ஏரி, குளம், ஆற்றங்கரை, மேய்ச்சல் வெளி, சுடுகாடு, கடற்கரை எல்லாம் புறம்போக்கே. 'ஒற்றி' என்றால் அடமானம். புறம்போக்கை யாரும் ஒற்றி வைக்க முடியாது. ஏனென்றால் அது எல்லோருடையது. எல்லோருடையதும் யாருடையதும் அல்ல என்று நாம் எப்போது நினைக்க ஆரம்பித்தோமோ, அப்போதே அந்த நல்ல வார்த்தை வசையாகிவிட்டது. பாட்டு அந்த வசையைத் துடைத்து, பழைய அர்த்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

பாட்டுக்குப் பிறகு

பாட்டுப் பாடினால் ஆறு சுத்தமாகிவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே ஜனவரி 28-ஆம் தேதி, எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெங்கும் கரிய எண்ணெய் ஒதுங்கிற்று. ஜனங்கள் வாளியைக் கொண்டு கையாலே அள்ளினார்கள். அதே வருஷம் பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் மூடப்பட்டது, மற்றவை எரிந்துகொண்டிருந்தன. 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சாம்பலால் கழிக்கு ஏற்பட்ட சேதத்தைச் சீர்ப்படுத்த வேண்டுமென்று உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழி முழுவதும் பரவிற்று. படகும் வலையும் கறுத்துப்போயின. அந்த மாதம் 26-ஆம் தேதி இரவு, ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள்.

ஆகவே, பாட்டு ஆற்றைச் சுத்தம் செய்துவிடவில்லை. ஆனால் வேறொரு காரியம் செய்திருக்கிறது. எண்ணூரில் ஒரு கழி இருக்கிறது, அதை நம்பி ஜனங்கள் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் இருந்த நம்மைப் போன்றவர்களுக்கு அதைத் தெரியப்படுத்தியிருக்கிறது. மரண கானா ஒரு மனிதர் போன பிறகு அவரைப் பற்றிச் சொல்கிறது. இந்தப் பாட்டு, ஓர் ஆறு போவதற்கு முன்பே சொல்கிறது. சொல்லும்போதே கேட்டால் பிழைக்க வழியுண்டு.

நீங்களும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறினால், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் வரும். அங்கிருந்து முகத்துவாரம் வரையில் ஆட்டோவில் போகலாம். காலை வேளையில் போனால் படகுகள் திரும்பி வருவதைப் பார்க்கலாம். கூடையில் இன்னும் இறால் இருக்கிறது, நண்டு இருக்கிறது. விலை கேளுங்கள், பேரம் பேசாதீர்கள். அந்த இறால் அந்தத் தண்ணீரிலிருந்து வருவதற்கு என்ன பாடுபட்டிருக்கும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும் அல்லவா?